பிராக்கில் வாக்கு எண்ணும் சனிக்கிழமை

அஜக்ஸ் என்ற புறநகருக்குப் போகும் ரெயினில், சனிக்கிழமை காலை, எனக்கு முன் சீற்றில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நிமிடத்துக்கு ஒருதரம் ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவரைவிட மூத்த பெண்.

"செக் நாட்டில வோட்டு எண்ணுகினம், அக்கா. காலமை தொடக்கம் இதைத்தான் பாக்கிறன்."

"உமக்கு அங்க வோட்டு இருக்கே?"

"இல்லை."

"சொந்தக்காரர்?"

"ஒருத்தரும் இல்லை. பிராக்கில படிச்சனான்."

"அது எந்தக் காலம், தம்பி! இஞ்ச எலக்சன் வந்தா வோட்டுப் போடவே மறந்துபோறனீர்."

"கம்யூனிஸ்ட் ஆட்சி விழேக்க நான் அங்க. சனமெல்லாம் சதுக்கத்தில நிண்டு வீட்டுக் கதவு பூட்டுற திறப்பை மணி மாதிரிக் குலுக்கினது, உங்கட நேரம் முடிஞ்சுது, போங்கோ எண்டு. நானும் ஹொஸ்டல் திறப்பைக் குலுக்கினனான். இப்ப அந்தப் பழைய ஆட்சிதான் நல்லமெண்டு சொல்லுறவை வரப்பாக்கினம்."

"வந்தா உமக்கென்ன? போய் விசா கேக்கப் போறீரே?"

அவர் மறுபடி தட்டினார். பக்கம் திறக்கவில்லை.

"யாழ்ப்பாணத்தில எத்தினை ஊர்வலம் போனன். ஊர்ச் சண்டையை நிப்பாட்டச் சொல்லி இஞ்ச ஹைவேயை மறிச்சுப் பிள்ளையளோட குந்தியிருந்தன். நான் ரோட்டில நிண்டு கேட்டதில நடந்தது பிராக்கில கேட்டது ஒண்டுதான், அக்கா. அதுவும் போகப் போகுது."

அக்கா கைப்பையைத் திறந்து தன் ஃபோனை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இதில சிக்னல் இருக்கு. பாரும், ஆர் முன்னுக்கு?"