பாதி மெமரியைத் தின்ற மிஷின்

2009 தீபாவளிக்கு முதல் நாள், ஹட்டனிலிருந்து பூண்டுலோயா போகும் பஸ். கொழும்பில் வேலை செய்யும் ஒரு பெண், முன் சீட்டில் உட்கார்ந்து பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

"நேத்து ஒரு மிஷினைக் கொன்னுட்டேன்க்கா. அதனாலதான் லீவு கெடச்சிச்சு."

"என்னா மிஷின்?"

"எங்க ஆபீஸுல ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள்ள பத்து கம்ப்யூட்டரு ஓடுது, அது ஒவ்வொண்ணையும் மிஷின்னுதான் சொல்லுவோம். எது எவ்வளவு மெமரி திங்குதுன்னு பாக்குறது என் வேலை. ஒரு வாரமா எல்லாமே ஆமையாட்டம் ஊருது. மெனேஜர் என்னையத்தான் ஏசுனாரு. வேலையை விட்டே தூக்கிருவேன்னாரு."

"அப்புறம்?"

"ஒவ்வொண்ணா பார்த்தேன். ஒண்ணு மட்டும் பாதி மெமரியைத் தின்னுக்கிட்டு நிக்குது. யாருதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் தொறக்கல. வாறது வரட்டும்னு நிப்பாட்டிட்டேன். ரெண்டே நிமிஷத்துல மெனேஜர் ரூமை விட்டு ஓடி வாறாரு, 'ஐயோ, என் படம்'னு. அதுல படமா டவுன்லோட் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு மனுசன்!"

"வேலை போச்சா?"

"எங்க போகும்? கதவைச் சாத்திட்டு, 'ஆபீஸுல யாருக்கும் சொல்லிறாத'ன்னாரு. நாலு நாள் லீவு கேட்டேன். ஒரு வாரமே எடுத்துக்கன்னுட்டாரு."

"இப்ப பஸ்ஸுக்கே சொல்லிட்டியேடி!"

"ஆபீஸுலன்னுதானேக்கா சொன்னாரு."

டிக்கெட் போட வந்து பக்கத்திலேயே நின்றுவிட்ட கண்டக்டர், மெதுவாகக் குனிந்து கேட்டார்: "அது என்னா படம் தங்கச்சி?"