ஏகமனதாகக் கொடுத்த டி.சி.

ஒரு கூட்டத்தில் யாருமே 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. அப்படியானால் எல்லோரும் 'வேண்டும்' என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா?... எனக்கு விடை தெரியாது. இத்தனை வருஷம் ஆங்கிலம் நடத்தியும் தெரியவில்லை.

ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது. யுனானிமஸ். தமிழில் 'ஏகமனதாக' என்கிறோம். ஆசிரியர் கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்களான நீங்கள் எழுதி வைக்கிற சொல்தான். ஒரு முடிவை அப்படிச் சொல்லலாம், வாக்கெடுப்பைச் சொல்லலாம், ஒரு குழுவையே சொல்லலாம். தனி ஆளைச் சொல்ல முடியாது. அதன் வேரில் இருப்பது 'ஒரே மனம்'. கவனியுங்கள்... ஒரே தலையாட்டல் அல்ல. மனம். மனத்தை எப்படி எண்ணுவது?

சொல்லுக்கு விளக்கம் சொல்வதைவிட, ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கதைதான். அங்கே விளையாட்டு ஆசிரியையாக இருந்த ரெஜினா எனக்குச் சொன்னது.

தென்காசிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. பத்தாம் வகுப்பில் வருஷா வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசலில் பேனர். அந்த நூறு எப்படி வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?... சிரிக்கிறீர்கள். தெரியும். ஒன்பதாம் வகுப்பு முடிகிற நேரத்தில், தேறாது என்று தோன்றுகிற பிள்ளையின் வீட்டாரைக் கூப்பிட்டு, "வேற ஸ்கூல்ல போட்டுப் பாருங்களேன்" என்று டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவது.

ரெஜினா அங்கே இருந்த ஒரு வருஷம், ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றுக்கொண்டே இருந்த பெண் இசக்கியம்மாள். டி.சி. வாங்கினால் அவள் போகப்போவது இன்னொரு பள்ளிக்கு அல்ல. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றப் போகிறாள். அவளைப் பற்றி முடிவெடுக்கக் கூடிய ஆசிரியர் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

அங்கே ஒரு வழக்கம். தலைமையாசிரியை சொர்ணலதா, சீனியாரிட்டி வரிசையில்தான் கருத்துக் கேட்பார். முதலில் கணக்கு டீச்சர் ஆவுடையம்மாள்.

"இசக்கி விஷயம்... என்ன செய்வோம் டீச்சர்? கணக்கு உங்க பாடம்லா."

ஆவுடையம்மாள் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தார். "நீங்க எப்படி நினைக்கீங்களோ அப்படியே செய்யலாம் மேடம்."

அடுத்தது அறிவியல் டீச்சர். "ஆவுடை டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதற்கடுத்தவர், "எனக்கும் அதேதான்."

அதே... அதே... அதே. கடைசி நாற்காலியில் ரெஜினா. தொகுப்பூதியத்தில் இருப்பவர், வேலை நிரந்தரமில்லை. அவர் முறை வருவதற்குள் வாழைக்காய் பஜ்ஜி வந்துவிட்டது. "ரெஜினாவுக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுக்கொண்டே தலைமையாசிரியை எழுதிவிட்டார். ஏகமனதாக. இசக்கியின் அம்மாவை மறுநாள் வரச் சொல்லி ஆளும் போயாயிற்று.

பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே, பக்கத்தில் வந்து நின்ற அறிவியல் டீச்சரிடம் ரெஜினா கேட்டார். "ஏக்கா, டி.சி. கொடுக்கணும்னு முதல்ல சொன்னது யாரு?"

"ஆவுடை டீச்சர்தான்," என்றார் அறிவியல் டீச்சர்.

"நானா? நான் எங்க சொன்னேன்? மேடம் இஷ்டம்னுல்லா சொன்னேன். அந்தப் பிள்ளைய பக்கத்துல உக்கார வச்சுச் சொல்லிக்கொடுத்தா பாஸ் மார்க் வாங்கிரும்."

தலைமையாசிரியை காப்பியைக் கீழே வைத்தார். "எனக்கு மட்டும் அனுப்பணும்னு ஆசையா? கணக்கு டீச்சரே கைவிட்டுட்டாங்க, நான் என்ன செய்யன்னு இருந்தேன்."

"நீங்க ஏன் சரின்னீங்க?" என்று அறிவியல் டீச்சரைக் கேட்டார்கள்.

"எல்லாரும் சொல்லுதாங்களேன்னு..."

ரெஜினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்லாருக்கே! யாருக்கும் அனுப்ப மனசில்ல. எல்லாருமாச் சேர்ந்து அனுப்புதோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். மனம் விட்டுச் சிரித்தார்கள். பிறகு தலைமையாசிரியை சொன்னார். "தீர்மானம் எழுதியாச்சு. யாராவது ஒருத்தர் எனக்குச் சம்மதமில்லன்னு சொன்னா, திரும்ப எடுக்கலாம்."

சிரிப்பு நின்றது. ஆவுடையம்மாள் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா அறிவியல் டீச்சரைப் பார்த்தார். அறிவியல் டீச்சர் தட்டைப் பார்த்தார்... பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஆசிரியர்களே, இவர்கள் கெட்டவர்களா? இல்லை. அந்த அறையில் கெட்டவர் ஒருவர் இருந்திருந்தால் இசக்கி தப்பித்திருப்பாள் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அவரை எதிர்த்தாவது யாராவது வாயைத் திறந்திருப்பார்கள். இங்கே எதிர்க்க ஆளே இல்லை. எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தவர்கள்.

அந்தச் சொல்லை எழுதாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொருவரும் தன் மனத்தில் இருப்பதைச் சொல்லி, அது ஒன்றாக இருந்தால், தாராளமாக எழுதுங்கள். யாரும் பேசாத கூட்டம் என்றால், 'யாரும் பேசவில்லை' என்று எழுதுங்கள். அது வேறு செய்தி. முடிந்தால் கடைசி நாற்காலியிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். அதனால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படி நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதலில் கேட்டிருந்தால் ரெஜினா பேசியிருப்பாரா? அவருக்கே தெரியவில்லை. ஆனால் சொல்வதற்கு அவரிடம் அப்போது ஒன்று இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

மறுநாள் நடந்தது இது. இசக்கியின் அம்மா காலையிலேயே வந்துவிட்டார்.

"யாரு டீச்சர் எம்பிள்ள வேண்டாம்னது?"

"எல்லாருமாச் சேர்ந்து எடுத்த முடிவும்மா."

"ஒருத்தர் பேரச் சொல்லுங்க டீச்சர். நான் போயி அவங்க கால்ல விழுதேன்."

தலைமையாசிரியை யோசித்தார். சொல்வதற்கு ஒரு பெயர்கூட இல்லை. காட்டிய இடத்தில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டு, டி.சி.யை வாங்கிக்கொண்டு, வகுப்பில் இருந்த இசக்கியைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.