முதுகுக் கம்பி

இந்தக் காபி நன்றாகவே இருக்கிறது, ஐயா. காவல் நிலையக் காபியைக் கழுநீர் என்பார்கள். ஊர் வாய்க்கு என்ன, எதையும் சொல்லும்.

எங்கள் குழுவின் கோர்வின் போட்டிருந்த கோட்டு பற்றிக் கேட்டீர்கள். அது நான் தைத்தது. ஓரமெல்லாம் ஒளிரும் கம்பி. நூடுல்ஸ் மாதிரி எப்படியும் வளையும். மின்சாரம் ஏறினால் நீளம் முழுக்க நீலமாக எரியும், சுடாது. கோட்டுப் பையில் அதற்கு மின்சாரம் தரும் தீப்பெட்டி அளவு இன்வெர்ட்டர், வண்டு போல ரீங்கரிக்கும். அதிலிருந்து ஒரு இழை மார்புக்கு, ஒரு இழை முதுகுக்கு. எங்கள் குழுவில் பாதிப் பேர் போட்டிருப்பது என் தையல்தான்.

வருடா வருடம் நெவாடாவில் அந்த வறண்ட ஏரிப்படுகையில் நடக்கும் திருவிழாவுக்குக் கூடாரம் போடுகிறோம். விளக்குக் கம்பம் கிடையாது. மீன், டிராகன் என்று வேஷம் கட்டிய வண்டிகள் நாலாபுறமும் ஓடும். கம்பி எரியாத ஆள் ஓட்டுபவர் கண்ணுக்கு இல்லாத ஆள். அதனால்தான் ஒரு விதி வைத்தேன். இருட்டியபின் வெளியே போகுமுன் எனக்கு முதுகைக் காட்டி நின்று, "எரியுதா?" என்று கேட்க வேண்டும். நான் "எரியுது" என்றால் போகலாம். தன் முதுகைத் தானே பார்க்க யாரால் முடியும்?

சனிக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோர்வின் கரண்டியால் தட்டைத் தட்டினான்.

"மார்லிஸ் டீச்சரம்மா, நாங்க என்ன நர்சரிப் பிள்ளைங்களா? ஒண்ணுக்குப் போகணும்னாலும் உங்களுக்கு முதுகைக் காட்டிட்டுத்தான் போகணுமா?"

சிரித்தார்கள். விதி வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னான். தூக்கினார்கள். இத்தனை வருடம் நான் சாகவிடாமல் காத்த கைகள், ஐயா. வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

இருட்டியபின் வெளியே கிளம்பும்போது கோர்வினே என்னிடம் வந்தான். அவனுக்கு வாய்தான் நீளம், பழக்கம் விடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றான்.

"கோவமா இருக்கியா? சரி விடு. உன் திருப்திக்குப் பாத்துச் சொல்லு, எரியுதா?"

"நல்லா எரியுது. போயிட்டு வா."

"நீ தைச்சதாச்சே, எரியாம எங்க போகும்?" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மார்பு நீலமாக எரிந்தது. பையில் வண்டு ரீங்கரித்தது. அவனுக்கு அது போதும். முதுகு இருட்டாக இருந்தது. அதை நான் சொல்லவில்லை. சொல்லும் வேலையைத்தான் கை தூக்கிப் பறித்துவிட்டார்களே.

எங்கள் குழுவின் டெல்ஃபின் மீன் வேஷ வண்டியை ஓட்டிக்கொண்டு அவனுக்குப் பின்னாலிருந்து வந்தாள். மெதுவாகத்தான் ஓட்டினாள், ஆனால் அந்த மீனுக்குள் இருப்பது பழைய லாரி, அடிபட்டவன் எழவில்லை. அவள் மேல் தப்பில்லை. அழுதுகொண்டே இருக்கிறாளாம், பாவம். அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

முதுகு இழையை இன்வெர்ட்டரோடு சேர்க்கும் பிளக் தானாகக் கழன்றதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் வைத்த பிளக் தானாகக் கழலாது. என் வேலையை அப்படிக் குறைத்து எழுதாதீர்கள். நகத்தால் பூட்டைத் தூக்கி இழுத்தால்தான் வரும். அவர்கள் தட்டுக் கழுவப் போனபோது கோட்டு நாற்காலியில் கிடந்தது. இழுத்தது நான்தான். ஒரு பாடம் கற்கட்டும் என்று நினைத்தேனா, சாகட்டும் என்று நினைத்தேனா என்றால், சாகட்டும் என்றுதான். காயத்தோடு திரும்பி வந்திருந்தால் அதையும் கேலி செய்திருப்பான்.

வருத்தமா? ஞாயிறு சாயங்காலம் என்னை அழைத்துப்போக வந்தீர்களே, அப்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் வரிசையாக எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். "எரியுதா மார்லிஸ், எரியுதா?" என்று கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் உண்மையைத்தான் சொன்னேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஆனால் அடுத்த வருடம் கூடாரம் போடுவதற்குள் என்னை அனுப்பிவிடுங்கள், ஐயா. நான் இல்லாவிட்டால் அவர்கள் முதுகை யார் பார்ப்பார்கள்?