ஆறு ரூட்டர் அண்ணனுக்கு மூன்று பக்கச் சட்டம்

மரத்தின் மனமறிந்த மாண்பாளரே! விளிம்புதோறும் விந்தை விளைத்த வித்தகரே! பட்டறைக்கே மூத்தவரே, எங்கள் ஆறு ரூட்டர் அண்ணனே! நீங்கள் பணி நிறைவு பெறும் இந்த மாலையில் வணங்கி வாழ்த்த வந்து நிற்கிறோம்.

காலை வெயில் கண்ணாடிக் கூரை வழியே இறங்க, மரத்தூள் பொன்தூளாய் மிதக்க, உங்கள் அலமாரியில், மரத்தைக் குடைந்து செதுக்கும் மெஷின்களான ஆறு கை ரூட்டர்களும் அரைத்தூக்கத்தில் அமர்ந்திருக்கும். ஓரத்தை உருட்ட ஒன்று, காடி என்னும் நீள்பள்ளம் எடுக்க ஒன்று, கீல் பதிக்க ஒன்று என ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே ஒரு பிட், வெட்டும் அலகு. மாட்டிய பிட்டை நீங்கள் கழற்றியதே இல்லை. எதைக் கையில் எடுத்தாலும் அது தாலாட்டுப் போல முனக, மரம் சொன்னபடி கேட்கும். அதைப் பார்த்தபடியே நாங்கள் வேலையை மறந்து நின்றதுண்டு. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அண்ணி ஒருநாள் பட்டறைக்கே வந்து கேட்டார்: "என்கிட்ட இருக்கறது ஒரே மிக்ஸி. மிளகும் அதுலதான், காபிக்கொட்டையும் அதுலதான். உங்களுக்கு மட்டும் எதுக்கு ஆறு மெஷினு?"

அசராமல் சொன்னீர்கள்: "அதான் உன் காபியைக் குடிச்சா தும்மல் வருது."

விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனாலும் ஆறும் ஆசைக்கு வாங்கியவை என்றுதான் நினைத்தோம்.

போன வாரம் ஆறையும் பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "ரிட்டையர் ஆயிட்டா இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்றீர்கள். ஆற்றாமையை அடக்கிக்கொண்டு இந்த மடலுக்கு மரச்சட்டம் செய்ய அமர்ந்தோம். மிஞ்சியிருந்தது பட்டறையின் ஒற்றை ரூட்டர். காடி பிட்டை மாட்டினோம், கழற்றினோம், ஓர பிட்டை மாட்டினோம், மறுபடி கழற்றினோம்; மாட்டும்போதெல்லாம் ஆழத்தின் அளவு நகர்ந்தது. மூன்று பக்கம் எப்படியோ சேர்ந்துவிட்டது. நான்காம் பக்கத்தில் காடி மயிரிழை ஆழமாகி, மூலை வாயைப் பிளந்தது. வேறு மரத்தில் வெட்டினோம். இம்முறை ஆழம் போதவில்லை. பாலிஷ் போடும் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்: "அண்ணன் ஏன் ஆறு வெச்சிருந்தாருன்னு இப்பவாவது புரிஞ்சுதா?"

புரிந்தது, அண்ணா. நீங்கள் இல்லாமல் எங்களால் முடியாது என்பதும் புரிந்தது.

ஆகவே, அன்பின் உருவே! இன்று மடலை மட்டும் தருகிறோம். சட்டத்தின் நான்காம் பக்கம் வெட்டாத மரமாய் உங்கள் மேசைமேல் கிடக்கிறது. தும்மலின்றி, துயரின்றி, துணைவியாரோடு நெடுங்காலம் நீங்கள் நிறைவாய் வாழ வேண்டும். அதற்குமுன் நாளைக் காலை காடி ரூட்டரோடு இங்கே வர வேண்டும். மற்ற ஐந்தையும் கூடவே எடுத்து வாருங்கள். அலமாரியைத் துடைத்து வைத்திருக்கிறோம்.

என்றும் உங்கள்,
பட்டறைத் தோழர்கள்