வடைப் பெட்டியில் கடல்

வீரய்யா: ஒரே ஒரு சொட்டு. நாக்கு நுனியில வச்சுப் பார்த்துட்டுத் துப்பிரு.

ரத்தினம்மா: காலங்காத்தால வாய்கூட கொப்புளிக்கல... கட்டின பொண்டாட்டிய மீன் தொட்டித் தண்ணிய நக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?

வீரய்யா: உப்பு அளக்குற மிஷின் வாங்க நமக்கு எங்க வசதி? அதோட, இந்த மஹய்யாவயில உன் நாக்குக்கு மிஞ்சின மிஷினும் கிடையாது. கல்யாண வீட்டு ரசத்துக்கே உன்னைத்தானே கூப்பிடுறாங்க.

ரத்தினம்மா: ஐஸ் வைக்காதீங்க. கொண்டாங்க கரண்டிய... ம்.

வீரய்யா: என்ன, ம்?

ரத்தினம்மா: உப்புப் பத்தல.

வீரய்யா: பத்தலையா... நல்லாப் பாரு புள்ள.

ரத்தினம்மா: ரசமா இருந்தா இன்னும் ரெண்டு கல்லு போட்டு இறக்கிருவேன். இது கடலுங்கிறீங்க. கடல் இப்படியா சப்புன்னு இருக்கும்?

வீரய்யா: அதான் நம்ம மீன்பய அந்த உடைஞ்ச குழவிக்கல்லுக்குப் பின்னால போய்ப் படுத்துக்கிட்டான். ராத்திரியும் தீனி தொடல. இப்பவும் தொடல. போட்டது அப்படியே மிதக்குது பாரு.

ரத்தினம்மா: படுத்தா படுக்கட்டும். நம்ம பேச்சு ஞாபகம் இருக்குல்ல?

வீரய்யா: என்ன பேச்சு?

ரத்தினம்மா: மறந்துருவீங்களே. முக்குத் தேத்தண்ணிக் கடைய மூடுறப்ப இந்தக் கண்ணாடிப் பெட்டிய எனக்குன்னு கேட்டு வாங்கினேன். ஸ்கூல் வாசல்ல வச்சு வடையும் ரோல்ஸும் விக்கலாம்னு. தொட்டி வாங்கக் காசில்லன்னு அதுக்கு சிலிக்கன் பசை பூசி, கடல உள்ள ஊத்தினது யாரு?

வீரய்யா: மீன் செத்தா பெட்டி உனக்குன்னு சொன்னேன். செத்தா. இன்னும் சாகலையே.

ரத்தினம்மா: வாயக் கழுவுங்க. விடிஞ்சதும் விடியாததுமா சாவு கீவுன்னுக்கிட்டு.

வீரய்யா: உனக்கென்ன, இந்நேரம் வடைக்குப் பருப்பு ஊறப் போட்டிருப்ப. எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்குது. கண்டி மலையில கடல் மீன் பிழைக்காதுன்னு ஊரே சிரிச்சுச்சு. வேலை முடிஞ்சு வந்தா என்னைப் பார்த்து ஓடியாற ஒரே சீவன் அதுதான்.

ரத்தினம்மா: ஓ... அப்ப நான்?

வீரய்யா: நீ ஓடியாறது மார்க்கெட் பைக்கு. நேத்து ஆசையா இறால் வாங்கிக் குடுத்தேன். குழம்புல உருளைக்கிழங்குதான் நீந்துது.

ரத்தினம்மா: இறால் வெந்தா சுருங்கும்.

வீரய்யா: சுருங்குமா, மறைஞ்சே போகுமா?

ரத்தினம்மா: பேச்ச மாத்தாதீங்க. உப்பு எப்படிக் குறையும்? மர்சூக் நாநாதான் திருகோணமலையில இருந்து மீன் லொறியில கேன் கேனா கடல் தண்ணி கொண்டாந்து தாறாரே.

வீரய்யா: தாறாரு... தந்தாரு.

ரத்தினம்மா: என்னங்க?

வீரய்யா: லொறி இப்ப இந்தப் பக்கம் வாறதில்ல. பொங்கலுக்கு முன்னயே நின்னு போச்சு.

ரத்தினம்மா: அப்ப இவ்வளவு நாளும் தொட்டியில என்னத்த ஊத்துறீங்க?

வீரய்யா: தண்ணிதான்... கொஞ்சம் கல்லுப்பு கரைச்சு.

ரத்தினம்மா: எந்தக் கல்லுப்பு?

வீரய்யா: ...நம்ம கல்லுப்புதான்.

ரத்தினம்மா: அடப்பாவி மனுசா. ரொப்பி வைக்க வைக்க ஜாடி காலியாகுதேன்னு நான் எலிப்பொறி வாங்கி வச்சேன்.

வீரய்யா: எலி உப்புத் திங்குமா?

ரத்தினம்மா: நாலு கால் எலி திங்காது. இப்பத்தானே தெரியுது.

வீரய்யா: திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு... நான் பிடி பிடியா அள்ளிப் போடுறேன். இந்நேரம் கருவாடு ஊறின தண்ணி மாதிரி கரிக்கணும். சப்புன்னு இருக்குன்னா, போட்ட உப்பு எங்க போச்சு?

ரத்தினம்மா: ...ஆவியாப் போயிருக்கும்.

வீரய்யா: ஆவியாப் போறது தண்ணி. உப்பு உள்ளயேதான் கிடக்கும். போன்ல வீடியோ பார்த்துத்தானே இவ்வளவும் கத்துக்கிட்டேன்.

ரத்தினம்மா: அப்ப பெட்டி எங்கயாவது ஒழுகுதோ என்னமோ.

வீரய்யா: ஒழுகினா தரை நனையாதா? ஏன் எந்திரிக்கிற? உக்காரு.

ரத்தினம்மா: அடுப்புல தேத்தண்ணி...

வீரய்யா: அடுப்பே இன்னும் பத்த வைக்கல. ரத்தினம்... ஜாடியில உப்பே இல்லன்னு புலம்பின அன்னைக்கு மரவள்ளிக்கிழங்கு எப்படி அவிச்ச?

ரத்தினம்மா: நல்லாத்தானே இருந்துச்சு. கட்டச் சம்பலோட இன்னும் வையின்னு கேட்டு வாங்கித் தின்னீங்க.

வீரய்யா: அதைத்தான் கேக்குறேன். உப்பு அளவா இருந்துச்சே.

ரத்தினம்மா: நான் என்ன செய்ய? சட்டிய அடுப்புல ஏத்திட்டுப் பார்த்தா ஜாடி காலி. மழைக்கு பாயிஸ் கடையும் பூட்டு. பக்கத்து வீட்டு கமலாசனியக்காகிட்ட போனா, "விளக்கு வைச்சாச்செல்லோ, இனி உப்புக் குடுக்கேலாது பிள்ளை"ன்னுட்டாங்க. கேட்டதே என் பிழைதான். பொழுது சாஞ்ச பிறகு உப்புக் குடுத்தா அந்த வீட்டு லட்சுமி போயிருவாளே.

வீரய்யா: அதனால?

ரத்தினம்மா: அதனால... வீட்டுக்குள்ளயே கடல் இருக்குறப்ப நான் ஏன் மழையில அலையணும்னு...

வீரய்யா: ஐயோ... மீன் ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போற தண்ணியிலயா கிழங்க அவிச்ச?

ரத்தினம்மா: கடல்ல இருக்குற மீனெல்லாம் கரையேறிப் போய்ட்டா வருது? அதுல இருந்துதானே உப்பு எடுக்குறாங்க.

வீரய்யா: ஒரு தரம்தானே?

ரத்தினம்மா: ...ஜாடி அடிக்கடி காலியாச்சே.

வீரய்யா: நான் ஜாடியில எடுத்துத் தொட்டியில போடுறேன். நீ தொட்டியில எடுத்துச் சட்டியில ஊத்துற. கடைசியில அந்தக் கடல் பூராவும் என் வயித்துல. ஆனா... தண்ணி மட்டம் குறையவே இல்லையே. எடுத்ததுக்குப் பதிலா என்னத்த ஊத்தின?

ரத்தினம்மா: தண்ணிதான்.

வீரய்யா: பைப்புத் தண்ணியா? அதுல மருந்து போடுறாங்க, மீனுக்கு ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. தெரிஞ்சுக்கிட்டேதானே செஞ்ச? பெட்டி வேணும்னா வாய் விட்டுக் கேட்டிருக்கலாம் ரத்தினம். குடுத்திருப்பேன். ஒரு வாயில்லாச் சீவனைக் கொன்னுதான் வடை விக்கணுமா?

ரத்தினம்மா: கொன்னேனா?... நல்லா வருது வாயில. கொதிக்க வச்சு, ஆற வச்சு, துணியில வடிச்சுத்தான் ஊத்தினேன். இந்த வீட்டுல பைப்புத் தண்ணிய அப்படியே குடிக்கிறது நீங்களும் நானுந்தான்.

வீரய்யா: ...அப்ப ஏன் தீனி தொடாம படுத்திருக்கான்?

ரத்தினம்மா: வயிறு முட்டத் தின்னா எந்த ஆம்பளையும் படுக்கத்தான் செய்வான். வெந்து சுருங்கின இறாலெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சீங்க?