மூணு பேரு பூட்டு

செல்லையன்: ...அதான் கேக்குறேன் முத்தமிழு. மூணு பேரு சேந்து திறக்கவேண்டிய பூட்ட நீ ஒருத்தியா எப்படித் திறந்த?

முத்தமிழ்: பூட்டுன்னு சொல்றீங்களே சித்தப்பா, அதுக்கே எனக்குச் சிரிப்பு வருது.

செல்லையன்: சிரிக்காத. நாலு மணிக்குப் பஞ்சாயத்து. என்கூட பஞ்சாயத்துல இருக்குற சொக்கநாதனும் மாறனும் இப்பவே போயி உக்காந்தாச்சு. நீ என்ன சொல்லப்போறன்னு கேட்டுட்டு வரத்தான் என்னை அனுப்பியிருக்காங்க.

முத்தமிழ்: வந்துட்டீங்கல்ல, உக்காருங்க. இந்தக் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காருங்க, காட்டுறேன்.

செல்லையன்: எனக்கு ஒண்ணும் காட்ட வேணாம். நம்ம ஊரு மெயிலுலேருந்து கலெக்டர் ஆபீஸுக்கு, கவர்மெண்டு கட்டுற புது வீடு யாருக்குன்னு லிஸ்டு போயிருக்கு. பஞ்சாயத்துல நாங்க எழுதுன லிஸ்டு இல்ல. சுனாமியில புருஷன் செத்த பொம்பளைங்க பேரெல்லாம் சேத்த லிஸ்டு. யாரு அனுப்புனது?

முத்தமிழ்: நான்தான்.

செல்லையன்: ...என்ன இவ்வளவு சுளுவா சொல்ற?

முத்தமிழ்: பின்ன, நடுங்கிக்கிட்டே சொல்லணுமா?

செல்லையன்: பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்? அம்மன் கோயில் உண்டியலுக்கு மூணு சாவி, மூணு பேருக்கிட்ட. அதே மாதிரிதானே இதுக்கும் ஆளுக்கு ஒரு பங்கா வச்சோம். சொக்கநாதன் பங்கு எனக்குத் தெரியாது. என் பங்கு மாறனுக்குத் தெரியாது. ஒருத்தன் அடிக்கிறப்ப மத்த ரெண்டு பேரும்...

முத்தமிழ்: ...சுவத்தப் பாத்துக்கிட்டு நிப்பீங்க. நான்தான் தினம் பாத்தேனே. வீட்டுப்பாடம் எழுதாத பசங்கள வாத்தியாரு நிக்க வச்ச மாதிரி.

செல்லையன்: கேலியா?

முத்தமிழ்: ஒரு ஆளு கடலுக்குப் போயிட்டா மெயிலு பாக்க முடியலன்னு, 'ஞாபகம் வச்சுக்க'ங்குற கட்டத்துல டிக் போட்டது யாரு?

செல்லையன்: நான்தான்... அதுக்கென்ன இப்ப? தினம் ரெண்டு பேரையும் தேடிக்கிட்டு கரையெல்லாம் அலைய முடியுமா? டிக்குதானே போட்டேன். எழுத்தா தெரியல, புள்ளி புள்ளியாத்தான் தெரியுது. புள்ளிய எவன் படிப்பான்?

முத்தமிழ்: படிக்கவே வேணாம். யாரு வந்து உக்காந்தாலும் நீங்க மூணு பேருன்னு நெனச்சுக்கிட்டு சாப்ட்வேரே திறந்து விட்டுடும். படிச்சே ஆவணும்னாலும் வழி இருக்கு. இந்தா... இங்க போயி... இதுக்குள்ள போயி... 'காட்டு'ன்னு ஒரு பட்டன். அமுக்கட்டுமா?

செல்லையன்: ஏய், கைய எடு!

முத்தமிழ்: அமுக்கிட்டேன். எங்க உங்க புள்ளியெல்லாம்?

செல்லையன்: ...மூணு பங்கும் ஒண்ணா நிக்குதே.

முத்தமிழ்: மொதல்ல இருக்குறது சொக்கநாதன் மாமாவோட படகு பேரு. அதைத்தான் எவனுக்கும் தெரியாத ரகசியம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. டிக்க எடுங்க, இல்ல இதுக்கு மேல இன்னொரு பூட்டு போடலாம், அதையாவது போடுங்கன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்? 'டைப் அடிக்கிற வேலைய மட்டும் பாரு'ன்னாரு.

செல்லையன்: சரி, திறந்தே கெடக்கட்டும். அதுக்காக உள்ள பூந்துடுறதா? ஒரு வீடு திறந்து கெடந்தா...

முத்தமிழ்: வீடே இல்லாதவங்கதான் சித்தப்பா வந்தாங்க.

செல்லையன்: வந்தாங்களா? யாரு வந்தாங்க? நான்தான்னு சொன்ன?

முத்தமிழ்: ...வந்தேன்னு சொன்னேன்.

செல்லையன்: என்கிட்டயேவா? செவ்வாக்கிழமை காலம்பற பத்தரைக்குப் போயிருக்கு மெயிலு. நாங்கல்லாம் கடல்ல. நீ பக்கத்து ஊரு தலத்தெருவுல கம்ப்யூட்டர் பரீட்சை எழுதிக்கிட்டிருந்த. உங்கப்பன்தான் சைக்கிள்ல கொண்டுபோயி விட்டான். யாரக் காப்பாத்துற?

முத்தமிழ்: யாரயும் இல்ல. என்னைத் தள்ளி வையுங்க. கொழாயில தண்ணி புடிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. கடையில சாமான் குடுக்காதன்னு சொல்லுங்க. நான்தான் செஞ்சேன், அவ்வளவுதான்.

செல்லையன்: உன்னோட போவாது. உங்கப்பன் வலையில எவனும் கை வைக்கமாட்டான். தெரியுமில்ல?

முத்தமிழ்: அப்பாகிட்ட சொல்லிட்டேன். 'ஒண்டியா இழுத்துக்குறேன் போ'ன்னாரு.

செல்லையன்: ஊருக்குன்னு ஒரு மொறை இருக்கும்மா. கல்யாணம் ஆன ஆம்பளைதான் தலைக்கட்டு. அவன் போயிட்டா தலைக்கட்டு போச்சு. அந்த வீட்டுக்கு ஊருப் பொதுவுல எதுலயும் பங்கு கெடையாது. இதை நானா வச்சேன்?

முத்தமிழ்: செத்தது அவரு. ரெண்டு வருஷமா புள்ளைங்களோட தகரக் கொட்டகையில வேவுறது இவங்க. வீடு யாருக்கு வேணும், செத்தவருக்கா? உங்க மொறையும் அப்படித்தான் சித்தப்பா, ஆளுக்கு ஒரு பக்கமா சுவத்தப் பாத்துக்கிட்டே காபந்து பண்றீங்க.

செல்லையன்: வாய் ரொம்ப நீளுது.

முத்தமிழ்: நீளட்டும். பாஸ்வேர்டுல கடைசிப் பங்கு உங்களுது. யாரு பேருன்னு சத்தமா படிக்கட்டுமா?

செல்லையன்: வேணாம்.

முத்தமிழ்: கனகம். உங்க கூடப்பொறந்த தங்கச்சி. எங்க கனகம் அத்தை, அவங்க புருஷனும் சுனாமியிலதானே போனாரு. அவங்க பேரு பாஸ்வேர்டுக்கு ஆவுது, வீட்டு லிஸ்டுக்கு ஆவலையா?

செல்லையன்: ...குடிக்கத் தண்ணி இருக்கா?

முத்தமிழ்: சொம்புல இருக்கு. குடிச்சிட்டு பதில் சொல்லுங்க.

செல்லையன்: மொதல்ல நீ சொல்லு. யாரு அனுப்புனா? அம்மன் சத்தியமா என் வாயிலேருந்து வெளிய போவாது.

முத்தமிழ்: போனாத்தான் போவட்டுமே. நாலு மணிக்கு அவங்களே வந்து சொல்லப்போறாங்க. நான்தான் வேணாம், பழிய நான் ஏத்துக்குறேன்னு அவங்ககிட்ட கெஞ்சிக்கிட்டிருந்தேன்... பங்கஜவல்லி அக்காகிட்ட இந்த ஊருக் கூடத்தப் பெருக்க சாவி இருக்கு. அவங்கதான் திறந்தாங்க. லிஸ்டுல இருக்குற பதினாலு பேரும் வந்து அனுப்புனாங்க.

செல்லையன்: பதினாலு பேருமா? மவுஸு புடிக்கத் தெரியுமா அதுங்களுக்கு?

முத்தமிழ்: நீங்கல்லாம் கடலுக்குப் போற நேரமா பாத்து ரெண்டு மாசம் கத்துக்குடுத்தேன். அவங்கவங்க பேர அவங்கவங்களே அடிக்கணும்னு முடிவு. சொர்ணாம்பாள் பெரியம்மாவுக்கு ஒரு பேரடிக்க அரை மணி நேரமாச்சாம். பக்கத்துல இருந்தவங்க உதவிக்குப் போனா கையத் தட்டிவிட்டாங்களாம்.

செல்லையன்: கனகம்?

முத்தமிழ்: அத்தை மட்டும் வரல. வீட்டுக்கே போயி கூப்புட்டோம். 'எங்கண்ணன் பஞ்சாயத்துல தலை குனிஞ்சிடும்'னு அழுதாங்க. இப்ப பஞ்சாயத்துல போயி சொல்லுங்க. 'தப்பா போயிடுச்சு, பழைய லிஸ்டுதான் சரி'ன்னு இன்னொரு மெயிலு அடிக்கச் சொல்வாங்க. நான் அடிக்கமாட்டேன். விரல ஒடிச்சாலும் அடிக்கமாட்டேன்.

செல்லையன்: இந்தா, இந்தக் காயிதத்தப் பாரு. காலையில கலெக்டர் ஆபீஸுக்குப் போயி வாங்கிட்டு வந்தேன். அவங்க ஒத்துக்கிட்ட லிஸ்டு. சொக்கநாதனுக்கும் மாறனுக்கும் இன்னும் காட்டல. பொம்பளைங்க பேர எண்ணு.

முத்தமிழ்: எதுக்கு?

செல்லையன்: எண்ணுங்குறேன்ல.

முத்தமிழ்: ...பன்னெண்டு, பதிமூணு, பதினாலு... பதினஞ்சு. க... சித்தப்பா! கனகம் அத்தை பேரு! நாங்க அனுப்புனதுல இது இல்லையே, இது எப்படி...

செல்லையன்: புதன்கிழமை வந்து மெயிலத் திறந்தேன். நீங்க அனுப்புனது கெடந்துச்சு, ஒரு பேரு கொறைச்சலா. மத்த ரெண்டு பேரையும் தேடல, ஒத்த விரலால அவ பேர அடிச்சு, மறுபடி அனுப்பிட்டேன். எந்திரி, நேரமாச்சு. அனுப்புனது யாருன்னு பஞ்சாயத்துல கேக்கட்டும், மொதல்ல நான் எந்திரிக்கிறேன்.