மேலிருந்து எண்ணியவள்

2005இல் ஒரு காலை, மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். நெட்வொர்க் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். துணைக்கு வந்த தோழி அவளுடைய நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டாள்.

"போன தடவை ஏண்டி சிரிச்சாங்க?"

"ஐ.பி. எத்தனாவது அடுக்குன்னு கேட்டாங்க. அஞ்சுன்னுட்டேன்."

"நோட்டுல மூணுன்னு இருக்குதே!"

"கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசுற முறைக்கு மொத்தம் ஏழு அடுக்கு. நாம அனுப்புற மெயில் உச்சி அடுக்குலதான் கிளம்புது. உப்பளத்துல தண்ணி முதல்ல பாயற பாத்திதானே நமக்கு ஒண்ணாம் பாத்தி? அப்படியே மேலேர்ந்து எண்ணிட்டேன். அவங்க கீழ ஒயர்லேர்ந்து எண்ணுறாங்க."

"அப்போ டி.சி.பி.?"

"நட்ட நடுவுல இருக்குது. எந்தப் பக்கம் எண்ணினாலும் நாலு."

"அதையே கேக்கணும்னு வேண்டிக்கடி!"

"போடி. ஐ.பி.யையே கேக்கட்டும். அது விலாசம் பாத்து மெயிலை அந்த வழியில அனுப்பும், நடுவுல தொலைஞ்சா கவலைப்படாது. தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சு மறுபடி அனுப்புறது டி.சி.பி. ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிட மாட்டாங்க."

"இன்னிக்கும் சிரிச்சா?"

"ஏழு கோடு போட்டு, எங்கேர்ந்து எண்ணினேன்னு காட்டிட்டுத்தான் எழுந்திருப்பேன்."

எவ்வளவு தெளிவு! நான் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். வேலை கேட்டு வந்த எத்தனையோ பேரை மேசைக்கு எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். தவறான விடைகளுக்குச் சிரித்திருக்கிறேன், அவர்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன். எங்கிருந்து எண்ணினீர்கள் என்று ஒருவரைக்கூடக் கேட்டதில்லை.